வயசுக்கு வந்தபோது உளுந்தங்களி, மாதவிலக்கு நிற்கும்போது டீயும் பன்னுமா?

கேள்வி:

"டாக்டரம்மா, எனக்கு 48 வயது, 60 கிலோ எடை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் இருக்கிறேன். எட்டு மாதமாக மாதவிலக்கு ஒழுங்கில்லை, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே குப்பென்று சூடு ஏறி வியர்த்துக் கொட்டுகிறது. கைகால் வறண்டு அரிக்கிறது, சொறிந்தால் வெள்ளைக் கோடு விழுகிறது. சில ராத்திரி தோலுக்கு மேல் எறும்பு ஊர்வதுபோல இருக்கும், லைட்டைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்துவிட்டது. மெடிக்கலில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கிப் போட்டேன். முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது இரண்டு நாள் நிறுத்தினாலும் சிவந்து எரிகிறது. மகள் ஆன்லைனில் மூன்று சீரம் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். காலையில் நின்றுகொண்டே மூன்று இட்லி, பதினொரு மணிக்கு டீயும் பன்னும், மதியம் டப்பாவில் சாம்பார் சாதம், சாயங்காலம் ஒரு டீ, ராத்திரி இரண்டு தோசை, இதுதான் என் சாப்பாடு. பக்கத்து வீட்டு அக்கா சோற்றை நிறுத்து, ஆளி விதை சாப்பிடு, எள்ளும் பப்பாளியும் சூடு, தொடாதே என்கிறார். நான் என்னதான் சாப்பிடுவது, முகத்துக்கு என்னதான் போடுவது? கடைசியாக ஒன்று, தினமும் மஞ்சள் பூசிக் குளிப்பதை விடவேண்டுமா?"

பதில்:

வணக்கம்ங்க. நீங்கள் சாப்பாட்டை முதலில் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் நான் அந்த மெடிக்கல் க்ரீமில் இருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்குத் திக்கென்று இருந்தது அது ஒன்றுதான். வீட்டில் அந்த ட்யூப் இருந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் பின்பக்கம் இருக்கிற பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டாசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் என்றும் போட்டிருந்தால் மூன்றையும் கலந்த கலவை. மங்குக்கு நாங்களே சிலருக்கு அதை எழுதிக்கொடுப்பது உண்டுதான், ஆனால் சில வாரங்களுக்கு மட்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்று தேதி சொல்லி. மாதக்கணக்கில் போட்டால் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துவிடும், கன்னத்தில் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் கோடு கோடாகத் தெரியும், பரு வரும், சிலருக்குத் தாடையில் முடி வளரும். நிறுத்தினால் நீங்கள் சொல்கிற அதே சிவப்பும் எரிச்சலும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி போடுவார்கள், போட்டால் அடங்கும், "அட, நல்ல க்ரீம்தான்" என்று இன்னொரு ட்யூப் வாங்குவார்கள். இப்படி ஐந்து வருடம் போட்டவர்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். 2018ல் இந்த வகை ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவே போட்டது. ஆனாலும் "முகத்துக்கு ஒரு நல்ல க்ரீம் குடுங்கண்ணா" என்றால் கைக்கு வந்துவிடுகிறது.

உங்கள் வயதில் இது இன்னும் மோசம். தோல் தானாகவே மெலிந்துகொண்டிருக்கிற சமயத்தில் மேலே இருந்து வேறு சுரண்டுகிறோம். அதனால் ஒரு தோல் டாக்டரை நேரில் பாருங்கள். ரொம்ப நாளாகப் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல் படிப்படியாக இறக்கவேண்டியிருக்கலாம், அதைக் கடிதத்தில் பார்த்துச் சொல்ல முடியாது. மகள் வாங்கிக் கொடுத்த மூன்று சீரத்தையும் இப்போதைக்கு மூடி வையுங்கள். பிள்ளை ஆசையாக வாங்கிக் கொடுத்தது, திட்டவேண்டாம், எரிகிற முகத்தில் அவை வேண்டாம், அவ்வளவுதான்.

சரி, இப்போது ஏன் இத்தனையும் ஒரே நேரத்தில் வந்து விழுகிறது என்று பார்ப்போம். மாதவிலக்கு தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று சொல்வோம். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் அது நடக்கிறது. நீங்கள் இன்னும் அந்தப் பன்னிரண்டு மாதத்தைத் தொடவில்லை, வாசற்படியில் நிற்கிறீர்கள். (இந்தக் கட்டத்தில் அபூர்வமாகக் கர்ப்பமும் தரிக்கலாம், நாள் தள்ளிப்போனால் எல்லாமே மெனோபாஸ் என்று நினைத்துவிட வேண்டாம்.) ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறையும்போது கர்ப்பப்பை மட்டும் ஓய்வுக்குப் போவதில்லை. தோலில் எண்ணெய் சுரப்பது, ஈரத்தைப் பிடித்து வைப்பது, கொலாஜன் என்கிற தாங்கு நாரை உண்டாக்குவது எல்லாவற்றிலும் அந்த ஹார்மோனுக்குக் கை உண்டு. மாதவிலக்கு நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோலில் இருக்கிற கொலாஜனில் சுமார் 30 சதவீதம் போய்விடுகிறது. அந்த வெள்ளைக் கோடு, அரிப்பு, எறும்பு எல்லாம் இந்த வறட்சியின் குடும்பம்தான். எறும்பு ஊர்கிற உணர்வைச் சொன்னால் வீட்டில் "மனப்பிரமை" என்பார்கள். அப்படி இல்லை, மெனோபாஸ் சமயத்தில் நிறையப் பேருக்கு அது உண்டு, மருத்துவத்தில் அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது.

ஒரு விஷயம் எனக்கு எப்போதுமே வேடிக்கையாக இருக்கும். நாம் வயசுக்கு வந்தபோது வீட்டில் என்ன அமர்க்களம். தோல் உளுந்தை வறுத்து அரைத்து, கருப்பட்டிப் பாகில் கிண்டி, நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெயை ஊற்றி, "ஒரு உருண்டை மிச்சம் வைக்கக் கூடாது, இடுப்புக்குப் பலம்" என்று எதிரில் உட்கார்ந்து ஊட்டினார்கள். பச்சை முட்டையைக் குடிக்கச் சொல்லி மூக்கைப் பிடித்த வீடுகளும் உண்டு. பிள்ளை பெற்றபோதும் அப்படியே பத்தியச் சாப்பாடு, கவனிப்பு. மாதவிலக்கு நிற்கும்போது? எலும்பு கரைகிற வேகம் வாழ்க்கையிலேயே அதிகமாக இருக்கிற காலம் இது, ஒருத்தர் ஒரு உருண்டை கிண்டித் தருவதில்லை. தருகிற இடத்தில் இருந்த அம்மாவுக்கு எண்பது வயது, மகளுக்கு இந்தச் சங்கதியே தெரியாது, நாமோ அடுப்படியில் நின்றுகொண்டே மூன்று இட்லியை முழுங்கிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம்.

உங்கள் ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று இட்லியில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். டீயிலும் பன்னிலும் ஐந்தாறு. சாம்பார் சாதத்தில் பருப்பு எவ்வளவு விழுந்தது என்பதைப் பொறுத்து எட்டு, ஒன்பது. சாயங்கால டீயில் இரண்டு, தோசையில் ஐந்தாறு. எப்படிக் கூட்டினாலும் 30 கிராமைத் தாண்டுவது சிரமம். ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம், அதாவது 60 கிலோவுக்கு 50 கிராம் வேண்டும். தினமும் 20 கிராம் துண்டு விழுகிறது. தோல், முடி, தசை எல்லாமே புரதத்தில் கட்டினவைதானே. செங்கல் வராத இடத்தில் மேலே ஆயிரம் ரூபாய் சுண்ணாம்பு அடித்து என்ன பிரயோஜனம்? கொலாஜன் பவுடர் வாங்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று தெரியும். வயிற்றுக்குள் போனால் அதுவும் மற்றப் புரதம் மாதிரி உடைந்துதான் போகிறது. பலன் இருப்பதாகச் சொல்கிற ஆய்வுகளில் பலவற்றுக்கு அதைத் தயாரிக்கிற கம்பெனிகளே பணம் கொடுத்திருக்கின்றன. அந்தக் காசுக்கு மாதம் முழுக்க வீட்டுக்கே முட்டை வாங்கலாம்.

அந்த 20 கிராமை எங்கே நுழைப்பது? காலையில் இட்லியோடு இரண்டு அவித்த முட்டை, முடிந்தது 12 கிராம். முட்டை சாப்பிடாதவர் என்றால் முதல் நாள் ராத்திரி ஊறப்போட்ட பச்சைப்பயிறோ தட்டைப்பயிறோ ஒரு கிண்ணம் சுண்டல். பதினொரு மணி பன்னை விட்டுவிட்டு ஒரு பிடி வறுகடலை அல்லது பொட்டுக்கடலையை டப்பாவில் போட்டுக்கொண்டு போங்கள், செக்கிங் டேபிள் பக்கத்தில் வைத்துக் கொறிக்க வசதி, அதில் ஆறு ஏழு கிராம். மதிய டப்பாவில் சோறு பாதி, பருப்புக் கடைசலோ கொள்ளுக் கடைசலோ பாதி, ஒரு காய். நம் பக்கத்து அரிசிம்பருப்புச் சோறு இருக்கிறதே, அதில் பருப்பை இரண்டு மடங்காகப் போட்டு வேகவைத்தால் தனியாகக் குழம்புகூட வேண்டாம். ராத்திரி தோசைக்குப் பதிலாக வாரத்தில் மூன்று நாள் ராகிக் களியும் கீரைக் கடைசலும். அசைவம் உண்டு என்றால் நெத்திலியை முள்ளோடு சாப்பிடுங்கள். அப்புறம் அந்த உளுந்தங்களி. மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்காகவே கிண்டுங்கள், சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் கருப்பட்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள், கருப்பட்டியும் சர்க்கரைதான்.

சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், மெனோபாஸுக்குப் பிறகு தினமும் 1200 மில்லிகிராம் வேண்டும். ஒரு டம்ளர் பாலில் 240 இருக்கும், ஒரு களி உருண்டைக்குப் போடுகிற ராகி மாவில் 200க்கு மேல், அப்புறம் கீரை, தயிர். இதற்கு மேலும் குறைகிறது என்று டாக்டர் சொன்னால் மாத்திரை. மாத்திரையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே வாய்த் தண்ணீரில் முழுங்காதீர்கள், கால்சியம் இரும்பைச் சரியாக உறிஞ்சவிடாது. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் கால்சியத்துக்கு நாலு மணி நேரம் இடைவெளி விடவேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தாலும் சாப்பாட்டில் இருக்கிற இரும்பு உடம்பில் சரியாக ஒட்டாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் சோற்றை நிறுத்து என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இந்த வயதில் எடை இடுப்பிலும் வயிற்றிலும் போய் உட்காரும், உண்மைதான், அதற்கு அளவைக் குறைத்தால் போதும், நிறுத்தினால் பதினைந்தாவது நாள் பிரியாணிக் கடையில் இருப்பீர்கள். ஆளி விதை ஒரு ஸ்பூன் பொடி செய்து மோரில் போட்டுக் குடிக்கலாம், மலச்சிக்கலுக்கு நல்லது. குப்பென்று ஏறுகிற சூட்டை அது குறைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், சோதித்துப் பார்த்ததில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா கொடுத்த மருந்தில்லாத போலியைவிடப் பெரிதாக ஜெயிக்கவில்லை. சோயாவுக்குக் கொஞ்சம் பலன் உண்டு, வாரம் இரண்டு தடவை மீல்மேக்கர் குழம்பு வைக்கலாம். எள், பப்பாளி விஷயத்தில் அக்காவுக்கு என் அன்பான மறுப்பு. எள்ளுருண்டை தின்றதால் இந்தச் சூடு வரவில்லை. மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்கிற இடம் ஒன்று உண்டு, ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அது பதற்றக்காரராகிவிடுகிறது. அரை டிகிரி மாறினாலே ஊரே தீப்பிடித்த மாதிரி ரத்தக்குழாயைத் திறந்துவிட்டு வியர்வையைக் கொட்டவைக்கிறது. அதைத் தூண்டுவது கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற டீ, காபி, காரம், காற்றுப் போகாத நைலான் உடுப்பு. பருத்தி உடுத்துங்கள், டீயை ஆற்றிக் குடியுங்கள், கம்பெனியில் அயர்ன் டேபிள் பக்கம் உங்கள் இடம் என்றால் சூப்பர்வைசரிடம் சொல்லி மாற்றிக் கேளுங்கள். எனக்கு இது வந்த வருடம் நோயாளியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபைலை எடுத்து விசிறிக்கொள்வேன். எதிரில் இருந்த அம்மா ஒருத்தர் சிரித்துக்கொண்டே தன் முந்தானையால் எனக்கு வீசிவிட்டார்.

முகத்துக்கு வருவோம். முகம் ஆறுகிற வரைக்கும் இரண்டே பொருள், ஒரு மாயிஸ்சரைசர், ஒரு சன்ஸ்க்ரீன். முகத்துக்குச் சோப்பு வேண்டாம். சாதாரணக் குளியல் சோப்பு காரத்தன்மை உள்ளது, நம் தோலோ லேசான அமிலத்தன்மையில் இருப்பது, ஒவ்வொரு தடவையும் அந்தப் பாதுகாப்பு மேலடுக்கைக் கழுவிவிட்டுத் திரும்ப உண்டாகும் வரை காத்திருக்கிறோம். வெறும் தண்ணீர், இல்லையென்றால் நுரை அதிகம் வராத மைல்டான க்ளென்சர் ஒன்று, ராத்திரிக்கு மட்டும். கடலை மாவு, பயத்த மாவு போட்டுத் தேய்க்கிற வேலையும் இப்போது வேண்டாம், அதைவிட முக்கியம், எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துவிட்டு வெயிலில் போய்விடாதீர்கள், கொப்பளமே வரும். மாயிஸ்சரைசரில் க்ளிசரின், செராமைடு இருந்து வாசனை இல்லாமல் இருந்தால் போதும், விலை பார்த்து ஏமாறவேண்டாம். முகத்தை ஒற்றித் துடைத்து ஈரம் இருக்கும்போதே போடுங்கள்.

சன்ஸ்க்ரீன் எஸ்.பி.எஃப். 30க்கு மேல். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்கு ஒரு கோடு பிதுக்கினால் எவ்வளவு வருமோ அவ்வளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். எல்லாரும் கடுகளவு தொட்டு வைத்துவிட்டு "எனக்கு அது வேலை செய்யலைங்க" என்கிறார்கள். மங்குக்கு, தோல் நிறத்திலேயே சாயம் கலந்து வருகிற சன்ஸ்க்ரீன் இன்னும் நல்லது. அதில் இருக்கிற இரும்பு ஆக்ஸைடு, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் தடுக்கும், மங்கை அதிகமாக்குவதில் அந்த வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. ஸ்கூட்டியில் போனால் துப்பட்டாவைச் சுற்றிக்கொள்ளுங்கள். மங்கு ஒரே மாதத்தில் போகாது. ஒரே மாதத்தில் போக்குகிறேன் என்று சொல்கிற டப்பாவைச் சந்தேகப்படுங்கள். லேபிளே இல்லாத வெள்ளையாக்கும் க்ரீம்களில் பாதரசம் கலந்திருந்து, கேரளத்தில் மலப்புரம் பக்கம் சிலருக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்ட செய்தி 2023ல் வந்தது.

முகம் ஆறி, சிவப்பு அடங்கி இரண்டு மூன்று மாதம் ஆன பிறகு மகள் வாங்கின மூன்றில் ரெட்டினால் என்கிற வைட்டமின் ஏ வகை சீரம் இருந்தால் அதை மட்டும் உங்கள் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். வாரம் இரண்டு ராத்திரி, பட்டாணி அளவு, அதற்கு மேல் ஆசைப்படவேண்டாம். நானே ஒரு தடவை ஆர்வக்கோளாறில் தினமும் போட்டு, வாயோரம் உரிந்து, ஒரு கல்யாணத்துக்குப் போய் ரசம் குடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

கைகாலுக்கு இவ்வளவு யோசிக்கவேண்டாம். வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல் வெதுவெதுப்பாக, பத்து நிமிடத்துக்குள் குளியல். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம், இந்த மூன்று இடத்துக்குப் போதும். துண்டால் ஒற்றிவிட்டு ஈரத்தோடேயே தேங்காயெண்ணெய் பூசுங்கள். குளிப்பதற்கு முன்னால் பூசிச் சோப்புப் போட்டுக் கழுவினால் பாதி வடிகாலுக்குத்தான் போகும். பித்தவெடிப்புக்கு யூரியா க்ரீம் ராத்திரி தடவி மேலே பழைய சாக்ஸ். பிறப்புறுப்பில் சோப்பே வேண்டாம். அங்கே வறட்சி, எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு, உறவின்போது வலி, இதையெல்லாம் நீங்கள் எழுதவில்லை, எழுதக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம் என்பதால் நானே சொல்கிறேன், அதற்கென்றே உள்ளே வைக்கிற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது, மகளிர் டாக்டரிடம் கேட்டால் எழுதித் தருவார்.

வறட்சி, அரிப்பு, களைப்பு, முடி கொட்டுவது எல்லாவற்றையும் மெனோபாஸ் தலையில் கட்டிவிடாமல் ஒரு தடவை தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின், வைட்டமின் டி, பி12 பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும், அரிப்பில் ஆரம்பித்துச் சர்க்கரையில் போய் நின்றவர்கள் எத்தனையோ பேர். எடை தூக்குகிற உடற்பயிற்சி எலும்புக்குத் தேவை, ஆனால் நாள் முழுக்க நிற்கிற உங்களிடம் ஜிம்முக்குப் போ என்று சொல்ல எனக்கு மனசில்லை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துத் தடவை, காலையும் ராத்திரியும், அதில் இருந்து ஆரம்பியுங்கள்.

ராத்திரி நனைந்து எழுந்து தூக்கம் போய் வேலைக்கே போக முடியாத அளவுக்கு வந்தால் ஹார்மோன் மாத்திரை பற்றிப் பேசத் தயங்கவேண்டாம். 2002ல் அமெரிக்காவில் வந்த ஒரு பெரிய ஆய்வுக்குப் பிறகு உலகமே அந்த மாத்திரையைக் கண்டு பயந்தது. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள் இருக்கிறவர்களுக்கு, மாதவிலக்கு நின்று பத்து வருடம் தாண்டாதவர்களுக்கு, தொந்தரவு அதிகமாக இருந்தால் நன்மைதான் பொதுவாகக் கூடுதல் என்று அப்புறம் தெரிந்தது. மார்பகப் புற்றுநோய், காலில் ரத்தக்கட்டி, பக்கவாதம் வந்தவர்களுக்கு அதைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் இருக்கின்றன. அப்புறம், ஒரு வருடம் நின்றுபோன பிறகு ஒரே ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், இல்லை இப்போதே மணிக்கொரு பேட் மாற்றுகிற அளவுக்குப் போனாலும், "போகப்போற நேரத்துல இப்படித்தான் இருக்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.

மஞ்சள் கேட்டிருந்தீர்கள். முகம் எரிகிற வரை வேண்டாம். அதற்கப்புறம் உங்கள் விருப்பம், வெள்ளி செவ்வாய்க்கு லேசாகப் பூசிக்கொண்டால் ஒன்றும் ஆகாது, கிழங்கை வாங்கி நீங்களே உரசினது நல்லது, கடைப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்பது அந்தக் கடைக்காரருக்கே தெரியாது. டாக்டரிடம் போகும்போது அந்த ட்யூபை மறக்காமல் பையில் போட்டுக்கொண்டு போங்கள், தீர்ந்துபோன காலி ட்யூபாக இருந்தாலும் சரி.